சரள் குவாரியில் ஒரு தடைக்காலம்

ஆரல்வாய்மொழியைத் தாண்டிக் கிழக்கே போனால், காற்றாலைகளுக்கு நடுவே ஒரு பெரிய மேய்ச்சல் வெளி கிடக்கிறது. குடைபோல் விரிந்த உடைமரங்கள் அங்கொன்றும் இங்கொன்றும் நிற்கும். மற்றபடி கணுக்கால் அளவுப் புல்லும் சரளும்தான். அதன் நடுவில் ஒரு சரள்மண் குவாரி தோண்டினார்கள். தோண்டுவதற்கு முன்னால் அரசாங்கத்துக்குக் கொடுத்த அறிக்கையில், விலங்குகள், பறவைகள் பற்றிய நாலு பக்கத்தை எழுதியவள் நான்.

அப்போது எனக்கு ஐந்தாம் மாதம். விலங்கியல் படித்து, ஒரு கல்லூரியில் தற்காலிக வேலை பார்த்து, அதுவும் போனபின் நாகர்கோவிலில் ஒரு சின்ன அலுவலகத்தில் சேர்ந்திருந்தேன். குவாரி எடுப்பவர்களுக்குச் சுற்றுச்சூழல் அறிக்கை தயாரித்துக் கொடுப்பது அந்த அலுவலகத்தின் தொழில். நட்ட மத்தியானத்தில் என்னை ஜீப்பில் கூட்டிப்போனார்கள். வழியெல்லாம் குலுக்கல். ஒருமுறை இறங்கி வாந்தி எடுத்தேன். பிறகு இறங்கவே இல்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தபோது வெயிலில் வெறும் நிலம் தெரிந்தது. ஒரு ஓணான். தூரத்தில் கொஞ்சம் ஆடுகள். அலுவலகத்துக்குத் திரும்பி, வேறொரு ஊருக்கு எழுதிய பழைய அறிக்கையைத் திறந்து, ஊர்ப்பெயரை மாற்றி, குறிப்பிடும்படியான உயிரினங்கள் எதுவும் இல்லாத தரிசு என்று முடித்தேன். தோண்டி முடித்தபின் நிலத்தைச் சீர்செய்யும் திட்டத்தையும் அதே வேகத்தில் எழுதினேன். குழியின் கரையைச் சரிக்க வேண்டும், ஒதுக்கி வைத்த மேல்மண்ணைத் திரும்பப் பரப்ப வேண்டும், இடம் முழுக்க மரக்கன்று நடவேண்டும். மரம் நடுவதை யார் குறை சொல்லப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

மகள் பிறந்தாள், வளர்ந்தாள், பள்ளிக்கூடம் போனாள். அந்த அறிக்கையை நான் மறந்தே போனேன்.

போன வருடம் பங்குனியில் அலுவலக முதலாளி கூப்பிட்டார். குவாரியில் சரள் தீர்ந்துவிட்டது, மூடப்போகிறார்கள், சீர்செய்யும் வேலையை நான் கூட இருந்து பார்த்து எழுதித் தரவேண்டும் என்றார். "நீங்க போட்ட பிளான்தான் மேடம். அதுப்படி நடக்குதான்னு பாத்தாப் போதும். வைகாசிக்குள்ள கன்று நட்டாகணும். ஆபீசர் வந்து பாப்பாரு."

ஸ்கூட்டரில் போனேன். கணவாய்க் காற்று வண்டியை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருந்தது. அந்தக் காற்றில் யாரும் நிம்மதியாக நிற்க முடியாது. முந்தானை, காகிதம், முடி எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டே நிற்கவேண்டும். குவாரி ஒரு பெரிய சதுரக் குழியாக இருந்தது. நாலு பக்கமும் செங்குத்தான கரை. அடியில் ஒரு மூலையில் மட்டும் கலங்கிய தண்ணீர். குழியைச் சுற்றிலும் மேல்மண் வழித்தெடுத்த சரள் வெளி.

அங்கே சூப்பர்வைசராக இருந்தவர் முட்டத்துக்காரர். அப்பாவும் அண்ணன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். இவர் மட்டும் வளைகுடாவில் பன்னிரண்டு வருடம் கல்லுடைக்கும் ஆலைகளில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். கையில் எப்போதும் ஒரு பட்டியல் வைத்திருப்பார். முடிந்த வேலையைப் பேனாவால் அடிப்பதில் அவருக்கு அப்படியொரு திருப்தி.

"மேடம், நாளைக்கு ஜேசிபி வருது. கன்றுக்குக் குழி தோண்டல் ஒரு வாரம். அது கழிஞ்சு கன்று. நிங்க ஒண்ணும் டென்ஷன் ஆவண்டாம்" என்றார்.

மறுநாள் காலையில் ஜேசிபி வந்தது. ஓட்டி வந்தவர் தோவாளைப் பக்கத்துக்காரர், நிதானமானவர். வண்டி உள்ளே நுழைந்ததுமே ஒரு ஆள்காட்டிப் பறவை அதன் தலைக்குமேல் சுற்றிச் சுற்றிக் கத்த ஆரம்பித்தது. ஆள்காட்டி என்றால் ஆளைக் கண்டால் கத்தத்தான் செய்யும். காற்றாலை இறக்கைகளின் சத்தம் ஒருபக்கம், இது ஒருபக்கம். எனக்குத் தலை வலித்தது. சீக்கிரம் ஒரு மூலையில் வேலையைத் தொடங்கினால் போதும் என்றிருந்தது.

"எப்பிடிப் போகணும்?" என்று கேட்டார் ஓட்டுநர்.

"நேரா அந்த வெட்டவெளி வழியாப் போங்கண்ணே. அங்க ஒண்ணும் இல்ல" என்று கைகாட்டினேன்.

வண்டி நகர்ந்தது. அப்போதுதான் உடைமர நிழலில் இருந்து ஒரு பெண் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள். கையில் தொரட்டிக் கம்பு. என் வயதுதான் இருக்கும். "ஏலே, நிறுத்து! நிறுத்துலே!" என்று அவள் கத்தியது காற்றில் பாதிதான் கேட்டது. ஓட்டுநர் நிறுத்தும்போது பின்சக்கரம் அந்த இடத்தைக் கடந்திருந்தது.

சக்கரத் தடத்தில் நாலு முட்டை. ஓட்டில் சரளின் நிறமே இருந்ததால் உடைந்த பிறகுதான் அவை முட்டையென்றே எனக்குத் தெரிந்தது. உள்ளே கரு வளர்ந்திருந்தது. ஒன்றில் கால்கூடத் தெரிந்தது.

"நான் பாக்கல" என்றேன்.

"அன்னைக்கும் நீங்க பாக்கல" என்றாள் அவள். "ஜீப்புல வந்த பொம்பள நீங்கதானே? வாந்தி எடுத்திய. பாவமேன்னு நான் போத்தல்ல வெள்ளம் எடுத்துட்டு ஓடியாறேன், அதுக்குள்ள வண்டி போயாச்சு."

எனக்கு முகம் எரிந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பறவை கத்துவதை நிறுத்திவிட்டு இறங்கி வந்தது. தலையில் கறுப்புத் தொப்பி, அலகோரத்தில் மஞ்சள் தோல் மடிப்பு. மஞ்சள் மூக்கு ஆள்காட்டி. கல்லூரியில் பிள்ளைகளுக்கு நான் படம் காட்டிப் பாடம் நடத்திய பறவைதான். அது சக்கரத் தடத்தில் நடந்துபோய், ஓட்டுத் துண்டுகளின் மேல் வயிற்றை இறக்கி உட்கார்ந்தது.

ஓட்டுநர் எந்திரத்தை அணைத்துவிட்டு இறங்கிக்கொண்டார். "இன்னைக்கு என்னால ஒக்காது" என்றார். நானும் வேலையை நிறுத்தச் சொன்னேன். சூப்பர்வைசர் பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வண்டியேறிப் போனார்.

அடுத்த மூன்று நாள் அந்த வெளியை நான் நடந்து பார்த்தேன். ஏழு வருடத்துக்கு முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை. ஆட்டுக்காரப் பெண் கூட வந்தாள். எனக்காக வந்தாள் என்று சொல்ல முடியாது. ஆடுகள் போகிற பக்கம் அவள் போனாள், நானும் போனேன். அவளுக்கு எந்தக் கூடு எங்கே இருக்கும் என்பது தெரியும். பறவைகளின் பேர் தெரியாது, பேரில் அவளுக்கு அக்கறையும் இல்லை. ஆள்காட்டிக் கூடுகள் ஐந்து கண்டோம். கல்குருவி இரண்டு முட்டையிட்டிருந்த இடம் ஒன்று. கூடு என்று சொன்னாலும் வெறும் தரையில் ஒரு சின்னப் பள்ளம்தான். நான் வெள்ளை பூசிய கற்களைக் கூட்டைச் சுற்றி வைக்கப்போனேன்.

"அத வைக்காதீங்க. காக்கா அதப் பாத்துத்தான் வரும்" என்றாள்.

அவள் சொன்னது சரி. பிறகு ஒவ்வொரு கூட்டுக்கும் இருபது காலடி வடக்கே ஒரே ஒரு கல் வைத்து, நோட்டில் வரைந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் குழிக்குள் இறங்கினோம். செங்குத்துக் கரையை ஒட்டி ஒரு நட்சத்திர ஆமை நடந்துகொண்டிருந்தது. கரையில் முட்டும், திரும்பும், கொஞ்சம் நடக்கும், மறுபடி முட்டும். மேலேயிருந்து விழுந்திருக்கிறது, ஏற வழியில்லை. கரையோரம் அது நடந்து நடந்து ஒரு தடமே விழுந்திருந்தது. சற்றுத் தள்ளி இரண்டு ஓடுகள் வெளுத்துக் கிடந்தன. என்னால் அதற்குமேல் பார்க்க முடியவில்லை. ஆமையைத் தூக்கி மேலே விட்டோம். அது தலையை உள்ளிழுத்து வெகுநேரம் அசையாமல் இருந்தது. பிறகு ஒரு புதருக்குள் போனது.

மாலை வீட்டுக்குப் போனால் உட்கார முடியவில்லை. சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தேன். குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பது தெரியாது. "என்னம்மா தேடுற?" என்று மகள் கேட்டாள். ஒன்றும் தேடவில்லை. அவள் வயிற்றில் இருந்த காரணத்தால்தான் அன்று நான் ஜீப்பை விட்டு இறங்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். ஆனால் இறங்கிப் பார்க்கவில்லை என்று அறிக்கையில் எழுதியிருக்கலாமே. இல்லை என்று எழுதியது நான்தானே.

காலையில் முதலாளிக்கு போன் செய்தேன். கூடுகள் இருக்கின்றன, வைகாசிக்குள் நடமுடியாது, மரம் நடும் திட்டமே இந்த இடத்துக்குப் பொருந்தாது என்றேன்.

"ஒரு நிமிஷம் மேடம். பறவை இல்லன்னு எழுதுனது யாரு?"

"நான்தான்."

"அப்ப இப்ப இருக்குன்னு எழுதுனா, அது யாரு மேல வரும்?"

"என் மேல."

"எங்க எல்லார் மேலயும் வரும். ஒரு அறிக்கை தப்புன்னா மத்ததையும் தோண்டுவாங்க. நல்லா யோசிங்க."

யோசித்தேன். இரண்டு நாள் வேறெதையும் செய்ய முடியாமல் அதையே யோசித்தேன். கணவர் நெய்யூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். அதிகம் பேசாத மனிதர். "எழுதாம இருந்தா நீ சும்மா இருப்பியா?" என்று மட்டும் கேட்டார். இருக்கமாட்டேன் என்பது இருவருக்கும் தெரியும். அன்றே எழுதினேன். நேரில் நடந்து பார்க்காமல் அறிக்கை கொடுத்தேன், அது தவறு, இப்போது கண்டவை இவை என்று ஒரு பக்கம். நோட்டில் வரைந்த படத்தையும் சேர்த்து, ஒரு பிரதியை அதிகாரிக்கும் ஒன்றை முதலாளிக்கும் அனுப்பினேன்.

குவாரிக்குப் போனால் சூப்பர்வைசர் கொதித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், நிங்களுக்கு ஒரு லெட்டரோட முடிஞ்சு. எனக்க பேர்லதான் ரிமார்க் வரும். வேலை முடியலன்னா கம்பெனி எனக்கிட்டதான் கேக்கும். நாலு முட்டைக்கு இவ்வளவு பெரிய இடத்தப் பூட்டிப் போடுவியளா?"

"நீங்க ஒரு கூட்ட வந்து பாருங்க."

"பாத்தா என்ன, முட்டை பொரிச்சிருமா?"

அன்று அவர் வரவில்லை. குழியில் தேங்கிய தண்ணீரை இறைக்க டீசல் மோட்டாரை இறக்கச் சொல்லிவிட்டு, மேலே கரையில் குடையைப் பிடித்தபடி நின்றார். குடை காற்றில் திரும்பிக்கொண்டதும் அதை மடக்கி எறிந்தார். நானும் கொஞ்சம் தள்ளி நின்றேன். மணி பன்னிரண்டு இருக்கும். சரளில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாத வெயில்.

ஒரு ஆள்காட்டி மேலேயிருந்து குழிக்குள் பறந்து இறங்கியது. தண்ணீர் ஓரமாக நடந்துபோய், குடிக்காமல், வயிற்றை நீருக்குள் அமிழ்த்தி உட்கார்ந்தது. பக்கவாட்டில் ஆடி ஆடி இறகை நனைத்தது. அப்படியே எழுந்து, எங்கள் முன்னால் இறங்கி, சொட்டச் சொட்ட நடந்து, ஒரு இடத்தில் உட்கார்ந்துகொண்டது. அங்கே இருந்த இன்னொரு ஆள்காட்டி எழுந்து குழிக்குப் பறந்தது.

"அது என்ன செய்யுது?" என்றார் சூப்பர்வைசர்.

"வெயில்ல முட்டை வெந்துபோகும். வயித்த நனைச்சுக் கொண்டுவந்து முட்டையக் குளிர வைக்கும்."

அவர் இரண்டாவது பறவையும் நனைந்து திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். அது நடந்துபோன வழியில் சரளில் ஈரப் புள்ளிகள் விழுந்து, நாங்கள் பார்க்கும்போதே காய்ந்தன. கீழே மோட்டாரை ஸ்டார்ட் செய்யக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தவரை நோக்கி அவர் திடீரென்று கத்தினார்.

"எய், மோட்டார ஓட்டாதே! ஏத்து, மேல ஏத்து!"

பிறகு என் பக்கம் திரும்பினார். "எங்க ஊர்ல ரெண்டு மாசம் தடைக்காலம் உண்டு, தெரியுமா? மீன் முட்டையிடுத நேரம். விசைப்படகு ஒண்ணும் கடல்ல எறங்காது. சின்ன வயசுல எனக்கு அது பிடிக்காது. அண்ணம்மாரு எல்லாம் வீட்டுல சும்மா இருந்து சண்டை போடுவானுவ. ஆனாலும் யாரும் படகு எறக்கமாட்டான்." பேனாவின் மூடியைத் திறந்தார். "இதுக்கும் ஒரு தடைக்காலம் வச்சாச்சுன்னு எழுதுங்க. எத்தன நாளு?"

"முட்டை பொரிக்க ஒரு மாசத்துக்குக் கொஞ்சம் கம்மி. குஞ்சு பறக்க இன்னும் ஒரு மாசத்துக்கு மேல."

பையிலிருந்து பட்டியலை எடுத்து, 'தண்ணீர் இறைத்தல்' என்பதைக் கடைசி வரிக்கு மாற்றி எழுதினார்.

அந்த நாட்களில் கரைச்சரிவு வேலையை மட்டும் செய்தோம், அதுவும் கூடுகள் இல்லாத தெற்குப் பக்கத்தில். ஆமையும் முயலும் ஏறிவரும்படி அந்தக் கரையைப் படுக்கையாகச் சரிக்கச் சொன்னேன். தோவாளைக்காரர் மிகப் பொறுமையாகச் செய்தார். ஒவ்வொரு நாளும் வண்டியை எடுக்கும் முன் இறங்கி, சக்கரத்துக்கு முன்னால் நடந்து பார்த்துவிட்டுத்தான் ஏறுவார்.

அதிகாரி வைகாசி முதல் வாரத்தில் வந்தார். திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. என் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு குழியைச் சுற்றி வந்தார். "இது தப்புன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. புதுத் திட்டம் கொடுங்க. ஆனா மரமே இல்லாம மூட முடியாது" என்றார். நான் வாதாடினேன். இது வெளியாகவே இருந்த நிலம், மரம் வளர்ந்தால் இந்தப் பறவைகள் இருக்காது என்றேன். சூப்பர்வைசர் முந்திக்கொண்டு அவரைக் குழியோரம் கூட்டிப்போய்ப் பறவை நனைவதைக் காட்ட முயன்றார். அன்று பார்த்து மேகம் மூடியிருந்தது. ஒரு பறவைகூட இறங்கவில்லை.

கடைசியில் பாதிக்குப் பாதி என்று முடிந்தது. ரோட்டோரம் உள்ள பாதியில் கன்று, மறுபாதி வெளியாக விடலாம், தண்ணீர்க் குட்டையை மூடவேண்டாம். ஐந்து ஆள்காட்டிக் கூடுகளில் மூன்று பொரித்தன. ஒன்றை நாய் கொண்டுபோயிற்று. ஒன்று என்னவாயிற்று என்று தெரியவில்லை. ஒருநாள் போய்ப் பார்த்தபோது பள்ளம் காலியாக இருந்தது. கல்குருவியின் குஞ்சுகளை ஒரே ஒருமுறை பார்த்தேன். சரளோடு சரளாகப் படுத்திருந்தன.

முதலாளி அதற்குப்பின் எனக்கு வேலை கொடுக்கவில்லை. போகச் சொல்லவும் இல்லை, கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். நான் அவருக்கு எழுதிக்கொடுத்த மற்ற அறிக்கைகளின் பிரதிகள் வீட்டில் ஒரு அட்டைப் பெட்டியில் இருந்தன. எடுத்துப் பார்த்தேன். இறங்கி நடந்த இடங்கள் சில, நடக்காத இடங்கள் பல. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போகிறேன். ஒரு இடத்தில் நான் எழுதியது சரியாகவே இருந்தது. அப்படியும் நிம்மதி வரவில்லை.

ஆடியில் மேய்ச்சல் வெளிக்குப் போனபோது ஆட்டுக்காரப் பெண் என்னிடம் பேசவில்லை. கன்று நட்ட பாதியைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். வெளியாக விட்ட பாதிக்கு அந்த வேலியைச் சுற்றித்தான் போகவேண்டும். ஆடுகளைத் தார்ரோட்டில் இறக்கி, லாரிகளுக்கு நடுவே ஓட்டிக்கொண்டு வந்தாள். நானாகப் போய்ப் பேசியபின்தான் வாய் திறந்தாள்.

"குருவிக்கு எழுதினிய. ஆமைக்கு எழுதினிய. எனக்க ஆட்டுக்கு என்ன எழுதினிய? கூடக்கூட மூணு நாளு நடந்தேனே, என்ன ஒருவாட்டி கேட்டியளா?"

கேட்கவில்லை. மூன்று நாள் அவள் கூடவே நடந்து, அவள் காட்டிய கூடுகளை எல்லாம் வரைந்தேன். அவள் ஆடு ஓட்டி வருகிற பாதையை வரையவில்லை. அதிலும் ஒரு விஷயம் இருந்தது. ஆடுகள் மேய்ந்து புல் குட்டையாக இருப்பதால்தான் ஆள்காட்டி அங்கே முட்டையிடுகிறது. ஆடு போகாவிட்டால் இரண்டு மழைக்குப் பிறகு அந்த இடம் புதராகிவிடும். படித்த நான் அதைக்கூட எழுதவில்லை.

"தப்புதான்" என்றேன்.

"தப்புன்னு சொல்ல ஒங்களுக்கு நல்லா வருது" என்றாள். சிரிக்கவில்லை.

மறுபடி ஒரு கடிதம் எழுதிக்கொண்டு அதிகாரியிடம் போனேன். இந்தமுறை அவளையும் கூட்டிப்போனேன். அவள்தான் பேசினாள். எந்த இடத்தில் வழி வேண்டும், எந்த மாதம் ஆடு எந்தப் பக்கம் போகும் என்று மேஜைமேல் விரலால் கோடு போட்டுக் காட்டினாள். அதிகாரி இரண்டுமுறை, "கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க" என்றார். கன்று நட்ட பாதியின் குறுக்கே ஆட்டுக்கு ஒரு வழி விடவேண்டும், அதன் கதவு திறந்திருக்க வேண்டும் என்று கோப்பில் எழுதிக்கொண்டார். சூப்பர்வைசர் அப்போது வேறு குவாரிக்கு மாறிப் போயிருந்தார். இருந்தும் போன் செய்து சொன்னதும், மிச்சமிருந்த கம்பியில் வேலிக்கு ஒரு கதவு அடித்துக் கொடுக்க ஆள் அனுப்பினார்.

இந்த வருடம் பங்குனியில் போனேன். நட்ட கன்றுகளில் பாதி காற்றில் சாய்ந்துவிட்டன, மீதி நிற்கின்றன. அந்தப் பக்கம் ஆள்காட்டி ஒன்றையும் காணவில்லை. வெளியாக விட்ட பாதியில் அதன் சத்தம் கேட்டது. வேலிக் கதவில் யாரோ புதிதாகப் பூட்டுப் போட்டிருந்தார்கள். ஆடுகள் கதவின் முன்னால் கூட்டமாக முண்டிக்கொண்டு நின்றன. அவள் தொரட்டியால் பூட்டைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"பாத்தியளா?" என்றாள்.

நான் ஸ்கூட்டரைத் திருப்பினேன். அதிகாரியின் அலுவலகத்தில், பூட்டியவர் யார் என்று கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. கன்றுகளைக் காக்கப் போட்டோம் என்றார்கள். கோப்பை எடுத்துக் காட்டச் சொன்னேன். கதவு திறந்திருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினேன். சாவியைக் கொடுத்தார்கள். திரும்பிப் போனபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. பூட்டைத் திறந்து, சாவியோடு சேர்த்து அவளிடமே கொடுத்தேன். அவள் இரண்டையும் இடுப்பில் செருகிக்கொண்டு, முதல் ஆட்டின் முதுகில் தட்டினாள். ஆடுகள் உள்ளே போயின.